காப்பிச் சக்கையும் கதிர் பொறுக்குகிறவர்களும்



சென்ற மாதம் திண்டிவனம் ஆலயத்துச் சமையற்கூடத்தின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதை உங்களில் பலர் அறிவீர்கள். ஆராதனை முடிந்து காப்பி வழங்கிக்கொண்டிருந்த வேளையில்தான் அது நேர்ந்தது. பழுதுபார்க்க வந்த சகோதரர் நீண்ட கம்பியை உள்ளே விட்டு இழுத்தபோது, கரிய களிமண்ணைப் போன்ற ஒரு கட்டி வெளியே வந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது உங்க சபைக் காப்பிதான்" என்றார். அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. வாரந்தோறும் வடிகட்டியிலிருந்த சக்கையைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டவர்களில் நானும் ஒருவன்.

காப்பிச் சக்கை தண்ணீரில் கரைவதில்லை. அது எண்ணெய்ப்பிசுக்கோடு கலந்து குழாயின் வளைவுகளில் படிந்து இறுகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, நம் அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு நம் தெருக்களில் வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன. கரையில் குவிக்கப்பட்ட சேற்றில் என்னென்ன கிடந்தன என்பதை நீங்களே கண்டீர்கள். வெள்ளத்தைக் காப்பிச் சக்கை உண்டாக்கவில்லை. அப்படிச் சொல்வது மிகை. ஆயினும் அந்தச் சேற்றில் நம் வீட்டுத் தொட்டிகளின் பங்கும் இருந்தது.

இவ்வாரம் இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழாய்ச் சம்பவத்திற்குப் பின் சபையின் சகோதரிகள் சிலர் என்னைச் சந்தித்தனர். காப்பிச் சக்கையிலிருந்து சோப்பும், முகப்பூச்சும், எரிகட்டியும் செய்து விற்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்ததாகவும், தங்கள் மகளிர் குழுவின் பெயரில் கடன் பெற்று இயந்திரம் வாங்க விரும்புவதாகவும் கூறினர். "குப்பையில இருந்து காசு வரும் பாஸ்டர் ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றனர். ஜெபித்தேன். அதோடு கொஞ்சம் படித்தும் விசாரித்தும் பார்த்தேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் கடன் என்பது நம் சபையில் எந்த ஒரு குடும்பத்தின் தனிச் சுமையாகவும் நின்றுவிடுவதில்லை.

முதலில் அந்தச் சக்கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொதிநீர் காப்பித்தூளிலிருந்து மணத்தையும் நிறத்தையும் கசப்பையும் எடுத்துக்கொள்கிறதே தவிர, தூளின் பெரும்பகுதி கரையாமல் அப்படியே தங்கிவிடுகிறது. உலர்ந்த சக்கையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு எண்ணெய் உண்டு; தழைச்சத்து ஏறக்குறைய இரண்டு விழுக்காடு; எஞ்சியது பெரும்பாலும் நார். வடித்தவுடன் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இந்தத் தண்ணீரை மறவாதீர்கள், பின்னால் அதுவே நம்முடைய கணக்கைக் கெடுக்கப்போகிறது.

இந்தச் சக்கையை உலகில் பலர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பெர்லின் நகரில் காஃபிஃபார்ம் என்னும் நிறுவனம் சக்கையோடு மரநாரும் இயற்கைப் பிசினும் கலந்து காப்பிக் கோப்பைகளையே செய்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சக்கையைக் காற்றுப் புகாமல் 350 பாகை வெப்பத்தில் கரியாக்கி, கான்கிரீட்டில் இடும் மணலில் 15 விழுக்காட்டுக்கு மாற்றாகக் கலந்தபோது, கான்கிரீட்டின் வலிமை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியது என்பதே அது. தென்பெண்ணை ஆற்றில் மணல் அள்ளி அள்ளிக் குழிகள் விழுந்ததைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வார்த்த கட்டிக்கும், விழுப்புரத்தில் ஒரு மேஸ்திரி நம்பிக் கூரை வார்ப்பதற்கும் இடையில் நெடுந்தொலைவு இருக்கிறது.

எல்லாரையும்விடப் புகழ்பெற்றது இங்கிலாந்தின் பயோபீன். 2013இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் காப்பிக் கடைகளிலிருந்து சக்கையைச் சேகரித்துக் கணப்பு அடுப்புக்கான எரிகட்டைகள் செய்தது. 2017இல் அதன் காப்பி எண்ணெயை டீசலில் சிறு பங்காகக் கலந்து லண்டன் பேருந்துகளிலும் பயன்படுத்தினர். பத்திரிகைகள் கொண்டாடின, விருதுகள் வந்தன. 2023இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பெரிய ஆலையும், முதலீடும், நகரெங்கும் ஆயிரக்கணக்கான காப்பிக் கடைகளும் இருந்தும் நிலைக்க முடியாமற்போனதை, மூன்று இலட்சம் கடனில் ஒரு கொட்டகைக்குள் நடத்திவிடலாம் என்று எண்ணுவதில் எனக்கு அச்சம் இருக்கிறது, சகோதரிகளே. ஒவ்வொரு கடையிலும் இருப்பது கொஞ்சம் சக்கை. அதில் பாதிக்கு மேல் நீர். இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் பூசணம் பூக்கும். தண்ணீரைச் சுமந்து சென்று, அதை உலர்த்துவதற்கு விறகு செலவழித்து, கடைசியில் விறகு விற்பதென்றால் கணக்கு எப்படி நேராகும்? உடனடிக் காப்பித்தூள் செய்யும் பெரிய ஆலைகளுக்கு இது இலாபமாக இருப்பதற்குக் காரணம், சக்கை டன் கணக்கில் ஒரே இடத்தில் விழுகிறது. தங்கள் கொதிகலனிலேயே அதை எரித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வண்டிச் செலவே இல்லை.

முகப்பூச்சும் குளியல் சோப்பும் இதைவிட எளிது என்று தோன்றலாம். வீட்டில் செய்து பயன்படுத்திக்கொள்வதில் தடையில்லை. ஆனால் அழகுசாதனப் பொருளைச் செய்து விற்க அரசின் உரிமம் வேண்டும் என்பதைக் காணொளியில் பேசியவர் சொல்லவில்லை. சக்கையும் பூசணம் பிடிக்கும் பொருள். மற்றவர் முகத்தில் தேய்க்கத் தருவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால், நம் மக்களுக்குச் சக்கையின் அருமை தெரியாது என்று நான் கருதுவதாக எண்ணவேண்டாம். உண்மை நேர்மாறானது. திண்டிவனத்தின் பெயரை இந்தியாவெங்கும் கொண்டுசென்றது எது? நிலக்கடலை அன்றோ! நம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டிஎம்வி இரகங்களில் அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிக்கிறது. கடலையைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுத்த பின் எஞ்சுவதை இந்த ஊரில் எவரும் கழிவு என்று அழைத்ததில்லை. அதற்குப் புண்ணாக்கு என்று தனிப்பெயர் உண்டு, தனிச் சந்தை உண்டு, மாட்டுத் தொட்டியில் அதற்குத் தனி மரியாதையும் உண்டு. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் கரும்பு ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சக்கை கொதிகலனுக்குப் போகிறது. கழிவுப்பாகு சாராய வடிப்பாலைக்குப் போகிறது. சாற்றைத் தெளியவைக்கும்போது சேரும் ஆலைக்கழிவு வயலுக்கு எருவாகத் திரும்புகிறது. "சுழற்சிப் பொருளாதாரம்" என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவது நம் தாத்தாக்களுக்குப் பெயரில்லாமல் தெரிந்திருந்தது. காப்பி மட்டும் வெளியிலிருந்து வந்த பானம். அது நம் வீட்டுக்குள் நுழைந்தது. அதன் சக்கைக்குப் புண்ணாக்கைப் போல ஓரிடம் இன்னும் அமையவில்லை.

ஆனாலும் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. என் தாயார் காலையில் முதல் டிகாக்‌ஷன் இறக்கிய பின், அதே தூளில் மீண்டும் வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாக்‌ஷன் எடுப்பார்; அதன் பின் திப்பியைக் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். அந்த இரண்டாம் டிகாக்‌ஷன் யாருக்குப் போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கே அது போயிற்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டுக் காப்பி ஓட்டல்களில் சாதி பார்த்து இடம் பிரித்திருந்தார்கள். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்த வழக்கம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. காப்பியின் முதற்சுவை ஒருவருக்கு, நீர்த்த இரண்டாம் வடிப்பு மற்றொருவருக்கு, சக்கையை அள்ளும் வேலை மூன்றாமவருக்கு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டுதான் நான் மேலே பேசப்போகிறேன்.

இப்போது பயனுள்ளதற்கு வருவோம். நம் சபைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தூள் போடுகிறோம். வடித்த பின் சுமார் இரண்டு கிலோ ஈரச் சக்கை மிஞ்சுகிறது. ஆண்டுக்கு நூறு கிலோ. நிறையவே இருப்பதுபோல் தோன்றுகிறது அல்லவா? அதை உலர்த்தினால் நாற்பது கிலோவே நிற்கும். அதிலுள்ள தழைச்சத்து ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டு கிலோ யூரியா அதே அளவைத் தந்துவிடும். நாம் பயன்படுத்தும் தூளில் சிக்கரி கலந்திருப்பதால் நம் கணக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். கலப்புத் தூளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது சட்டம், மீதி சிக்கரியாக இருக்கலாம். சிக்கரியோ பெருமளவு நீரில் கரைந்துவிடும். ஐரோப்பிய ஆய்வுகளில் காணும் எண்களை நம் கும்பகோணம் டிகிரி காப்பிக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

இந்தக் கணக்கு உங்களைச் சோர்வடையச் செய்ய வேண்டியதில்லை. யூரியா தராத ஒன்றைச் சக்கை மண்ணுக்குத் தருகிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாகி, மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டைப் பாருங்கள். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது மழைநீர் அரித்துப்போன வெற்றுத் தரையாகக் கிடந்த இடம் அது. வரப்புக் கட்டி, மரம் நட்டு, இலைதழைகளை மண்ணுக்கே திருப்பித் தந்ததால் இன்று காடாக நிற்கிறது. அவர்களுடைய ஆன்மிக எண்ணங்களோடு நமக்கு வேறுபாடு உண்டு. மண்ணைக் குறித்து அவர்கள் நமக்குக் கற்றுத்தரலாம்.

ஆனால் சக்கையை நேரே செடியின் மேல் கொட்டாதீர்கள். என் தாயாரின் கறிவேப்பிலை தாங்கிக்கொண்டது, முதிர்ந்த மரமாதலால். புதுச் சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபீன் இளநாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கும். தடிமனாகப் பரப்பினால் காய்ந்து ஓடுபோல் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. உலர்ந்த இலை, சாணம், காய்கறித் தோல் ஆகியவற்றோடு எருக்குழியில் சேருங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறி, புட்டுமாவைப் போல ஈரம் காத்தால், இரண்டு மூன்று மாதத்தில் காப்பி மணம் போய்க் காட்டுமண் மணம் வந்துவிடும். அப்போது கத்தரிக்கும் மல்லிகைக்கும் தாராளமாக இடலாம்.

எருவைவிட விரைவில் பலன் தருவது சிப்பிக் காளான். இது நம் சகோதரிகளுக்கு உண்மையிலேயே ஏற்ற வேலை என்று நினைக்கிறேன். நம் பகுதியில் வைக்கோலுக்குக் குறைவில்லை. வெந்நீரில் பதப்படுத்திய வைக்கோலோடு அன்று வடித்த சக்கையைக் கொஞ்சம் கலந்து, பையில் அடுக்கடுக்காக வித்திட்டால், மூன்று நான்கு வாரத்தில் அறுவடை. சக்கை ஏற்கெனவே கொதிநீர் கண்டது என்பதால் அன்றைக்கே பயன்படுத்தினால் வசதி. நாளைக்கு என்று வைத்தால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். சக்கையை மட்டும் அடைத்தால் காற்றோட்டமில்லாமல் கெட்டுவிடும், வைக்கோல் அவசியம். சித்திரை வெயிலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்ட குடில் இல்லாமல் முயலவேண்டாம். திண்டிவனத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இயந்திர வியாபாரியிடம் போகுமுன் அங்கே போய்க் கேளுங்கள். சில பைகளும் வித்தும் வாங்கக் கடன் தேவைப்படாது. முதல் பத்துப் பைகளின் செலவைப் போதகர் இல்லம் ஏற்கும் என்று என் மனைவி சொல்லச் சொன்னார். காளான் குழம்பு வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

இனி, எனக்குள் பல நாளாகக் கிடக்கும் ஒரு பாரத்தைச் சொல்லவேண்டும்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மதுராந்தகம் தாண்டித் திண்டிவனம், விழுப்புரம் வரை பித்தளை டபரா செட்டோடு எத்தனை காப்பிக் கடைகள் எழும்பிவிட்டன! பேருந்துகளும் கார்களும் இரவும் பகலும் நின்று போகின்றன. நம் வட்டாரத்தில் காப்பிச் சக்கை மூட்டையாகக் கிடைக்கும் இடம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். அப்படியொரு கடையின் பின்புறம் ஒரு வயதான தாயார் காலையில் பிளாஸ்டிக் வாளியோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சக்கையை இலவசமாகத் தருகிறார். அவர் அதைத் தன் எருக்குழியில் சேர்த்துச் சில சென்ட் நிலத்தில் பூச்செடி வளர்க்கிறார். இது எந்தத் திட்டத்திலும் பதிவாகாத சுழற்சி. நாளைக்கு நாமோ, நம்மைவிடப் பணமுள்ள ஒருவரோ அந்தக் கடைக்காரரிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் தருவதாகச் சொன்னால், அந்த வாளி காலியாகத் திரும்பும். கழிவுக்கு விலை வந்த கணத்தில் அது ஏழையின் கையைவிட்டு நழுவுகிறது. பழைய காகிதத்திலும் இரும்பிலும் இதைக் கண்டிருக்கிறோம்.

வேதத்தில் மீதியானதைப் பற்றிய போதனை இரண்டு விதமாக வருகிறது. ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும்படி ஆண்டவர் சீஷர்களிடம் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. இதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் நியாயப்பிரமாணத்தில் மற்றொன்றும் இருக்கிறது. அறுவடைக்காரன் வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்தின கதிரைப் பொறுக்கத் திரும்பிப் போகக்கூடாது. அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. போவாஸ் இன்னும் ஒருபடி மேலே போய், ரூத்துக்காக அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிப் போடும்படி வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். ஒரு துணுக்கும் வீணாகக்கூடாது என்று சொன்ன அதே தேவன், எல்லாத் துணுக்கையும் நீயே எடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்கிறார். இன்றைய சுழற்சிப் பொருளாதாரத்தைப் பேசுகிறவர்கள் முதற்பாதியை நன்றாகக் கற்றிருக்கிறார்கள். இரண்டாம் பாதியை அவர்களிடம் நான் அதிகம் கேட்கவில்லை.

ஆகையால் என் கருத்து இதுதான்: நம் சபை நெடுஞ்சாலைக் கடைகளிடம் சக்கைக்கு விலைபேசப் போகக்கூடாது. நம் வீட்டிலும் ஆலயத்திலும் விழுவதை நாமே எருவாக்குவோம், காளானாக்குவோம். கடைகளில் விழுவதற்கு ஏற்கெனவே கைகள் இருந்தால், அந்தக் கைகளிலேயே விட்டுவிடுவோம். இதனால் மகளிர் குழுவின் வருமானம் குறையும் என்று சொல்வீர்கள். குறையும்தான். அதை மறுக்கமாட்டேன்.

மற்றொரு கையையும் நினையுங்கள். நம் சபையிலேயே நகராட்சித் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் இருக்கின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தரவேண்டியது ஒவ்வொரு வீட்டாரின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்தன. ஆலயத்திலிருந்து போன மாதம்வரை என்ன போயிற்று? சக்கை, சாம்பார் மிச்சம், காகிதக் குவளை, பிஸ்கட் உறை எல்லாம் ஒரே கறுப்புப் பையில் போயின. திங்கட்கிழமை காலை அந்தப் பையைத் திறந்து கையால் பிரித்தவர், ஞாயிற்றுக்கிழமை நமக்கு அருகில் உட்கார்ந்து பாடியவராக இருக்கக்கூடும். ஒருவர் அதைச் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார், அதுவும் தலைகுனிந்தபடி. தலைகுனியவேண்டியவன் நான்.

கனி கொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன எஜமானிடம், சுற்றிலும் கொத்தி எருப்போட இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனை ஆண்டவர் உவமையில் காட்டினார். அந்த எரு எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் முன்பு நினைத்ததில்லை. யாரோ ஒதுக்கிய சாணமும் சருகுமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு முதல் ஆலயச் சமையற்கூடத்தில் மூன்று வாளிகள் இருக்கும். பச்சை வாளியில் சக்கையும் தோலும் மட்டும். காகிதக் குவளைகளை நிறுத்துகிறோம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவாருங்கள், பெயர் பொறித்ததானால் கலந்துபோகாது. எருக்குழி ஆலயத்தின் வடக்கு மதிலோரம், வேப்பமரத்தடியில். வெட்டுவதற்குச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாலிபர்கள் வரவேண்டும். கடப்பாரை இரண்டு இருக்கிறது, மண்வெட்டி ஒன்றுதான். விழுப்புரம் சபையார் தங்கள் குழியை எங்கே வெட்டுவது என்று மூப்பர்களோடு பேசி எனக்குச் சொல்லுங்கள். பச்சை வாளிக்கு மூடி இல்லை. யார் வீட்டிலாவது பழைய மூடி கிடந்தால் எடுத்துவாருங்கள், புதிது வாங்கவேண்டாம்.